சோமனூரில் ஜெயித்த பூப்பந்து அணி

போன மாதம் நான் வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரிட்டயர் ஆகி எட்டு வருடம் கழித்து அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். ஏதோ ஒரு லாட்டில் அளவு தப்பிவிட்டது, கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டராக இருந்தவனுக்குப் புத்தி வேறெங்கே போகும்?

பேசியது எச்.ஆர். ஆபீஸில் இருக்கும் ஒரு பெண்.

"சார், ஆண்டு விழாவுக்கு மலர் போடறோமுங்க. பழைய பில்டிங்குக்குப் பின்னாடி இருந்த ஷெட்ட எடுத்துட்டு இப்ப பாக்ஸ் கிரிக்கெட் கிரவுண்ட் போட்டிருக்கோமுங்க. நம்ம பசங்க, பீகார் பசங்க எல்லாம் டீம் பிரிச்சு விளையாடறாங்க. முன்னாடியும் கம்பெனிக்கு ஒரு டீம் இருந்துச்சாமா, கப்பெல்லாம் வாங்குச்சாமா. நீங்கதான் கேப்டன்னு ஸ்டோர்ஸ்ல சொன்னாங்க. அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்."

"எழுதலாம் கண்ணு. ஆனா அது கிரிக்கெட் இல்ல, பூப்பந்து."

"ஷட்டிலுங்களா சார்?"

"ஷட்டில் இல்ல கண்ணு. பந்து. கம்பளி நூல்ல சுத்துன மஞ்சப் பந்து."

"சரிங்க சார், கூகுள்ல பார்த்துக்கறேன்" என்றாள். கூகுள் என்ன சொன்னதோ எனக்குத் தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பூப்பந்தை மண் தரையில் ஆடுவார்கள். நடுவில் வலை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் ஆளுக்கொரு மட்டை. முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். பந்து எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு இருக்கும். தரையில் விழுவதற்குள் ஒரே அடியில் வலையைத் தாண்டி அனுப்பிவிட வேண்டும், பக்கத்து ஆளுக்குத் தட்டிக் கொடுக்கிற வேலையெல்லாம் கிடையாது. முன்னால் நிற்பவர்கள் வலைக்கு மேலே நைசாகத் தொட்டுப் போடுவார்கள். முழு மைதானத்துக்கும் அடித்து ஆடுவது பின்னால் நிற்பவர்கள்தான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அவர்களைப் பார்க்கத்தான் வருவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப் போகிற விஷயமே இதில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்த ஆட்டத்தைப் பழகினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பதினேழு வயதில் கம்பெனிக்குக் கட்டிங் ஹெல்பராக வந்தேன். துணி விரிக்க ஒரு வருடம், துணிமேல் அளவு வரைந்து மார்க்கர் போட இரண்டு வருடம், கத்திரி மெஷினைத் தொடவிடாமல் இன்னொரு வருடம். மாஸ்டர் ஆனபோது இருபத்தாறு வயது. அந்த வருடங்களைப் பற்றி எழுதினால் எனக்கே தூக்கம் வரும், விடுங்கள்.

தெய்வசிகாமணி வந்த பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது. அவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாரைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "ஏனுங்க, இந்தக் கழுத்துப் பட்டியக் கண்ண மூடிட்டுத் தச்சீங்களாங்க?" என்று அவர் கேட்டால் தைத்தவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். கெட்ட வார்த்தையில் திட்டும் மேனேஜர்களை நாங்கள் சிரித்துக்கொண்டே சமாளித்திருக்கிறோம். இவரைச் சமாளிக்க முடியாது.

அவருக்குப் பூப்பந்தில் பைத்தியம். ஆனால் மட்டை பிடிக்கத் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம். பழைய பில்டிங்குக்குப் பின்னால் சுருள் துணி இறக்கும் இடத்தைச் சுத்தம் பண்ணி, செம்மண் கொட்டி, உருளை உருட்டி, மைதானம் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் தன் கழுத்து டேப்பைக் கழற்றி வலையின் உயரத்தை மூன்று இடத்தில் அளப்பார். நடுவில் அரை இஞ்சு தொய்ந்திருந்தால் ஆட்டம் தொடங்காது. கோடு போடத் துணியில் மார்க் போடும் சாக்பீஸ் தூளைச் சுண்ணாம்போடு கலந்து கொடுப்பேன். எங்கள் கோடு லேசாக நீலம் அடிக்கும்.

பந்துக்கு ஒரு தனிச் சடங்கு உண்டு. பந்து இருபத்தேழு கிராமிலிருந்து முப்பது கிராமுக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பந்துகளில் பாதி அப்படி இருக்காது. துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்க எங்கள் செக்கிங் ரூமில் ஒரு சின்னத் தராசு உண்டு. அதை வைத்துத்தான் துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜி.எஸ்.எம். கணக்கைச் சொல்வோம். மேனேஜர் டஜன் பந்து வாங்கி வந்து, ஒவ்வொன்றாக அந்தத் தராசில் வைத்து, எடையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பந்தோடு கட்டி வைப்பார். மழைக்காலத்தில் கம்பளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது பந்துகளை அயர்னிங் டேபிள் அடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி எடை போடுவார். ஏற்றுமதித் துணிக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை. வெளியூர் அணிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டுச் சிரிப்பார்கள். அப்புறம் எங்களிடமே பந்து கேட்டு வாங்கி ஆடுவார்கள்.

எங்கள் மானம் போன கதையும் ஒன்று உண்டு. முதல் வருடப் போட்டிக்கு மிச்சத் துணியில் ஐந்து பேருக்கும் பச்சை டீ-ஷர்ட் வெட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே பச்சை. பெருமாநல்லூர் மைதானத்தில் வெயிலில் போய் நின்றால் மூன்று பேர் கிளிப்பச்சை, இரண்டு பேர் மாங்காய்ப்பச்சை. இரண்டு சாயத் தொட்டித் துணி கலந்துவிட்டது. "திருப்பூர்க்காரங்க பனியனப் பாருங்கடா" என்று கூட்டம் சிரித்த சிரிப்பில் நாங்கள் அன்றே தோற்றோம். மேனேஜர் மறுநாள் என்னிடம் வந்து, "மாஸ்டர், துணிய வெயில்ல பாக்கோணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் வெயிலில் பார்க்காமல் ஒரு மீட்டர்கூட வெட்டியதில்லை.

அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டிங்கில் வெட்டுவதற்கு அடுக்கி விரிக்கும் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு சீட்டு உண்டு. எத்தனை அடுக்கு, என்ன சைஸ், எந்த லாட் என்று மாஸ்டர் எழுதிக் கொடுக்க, மேனேஜர் கையெழுத்துப் போடுவார். எங்கள் மேனேஜர் அதைப் படிக்கவே மாட்டார். ஒருமுறை கேட்டதற்கு, "நான் படிச்சா தப்பு என்னுதாயிருமுங்க. படிக்காமப் போட்டா நீங்க ரெண்டு தரம் பாப்பீங்க" என்றார். அணி விவரத்துக்கும் அதே வழக்கம்தான். யார் எங்கே நிற்பது என்று நான் அதே சீட்டின் பின்புறம் எழுதுவேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஆட்டம் முடிகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

மூன்றாவது வருடம் அந்தோணி வந்தான். இன்று அவரை அவர் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அன்றைக்கு அவனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு முப்பது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவன். சாயங்காலம் நாங்கள் ஆடுவதை மூன்று நாள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தான். நாலாவது நாள் பக்கத்தில் வந்து, "மாஸ்டர், நானும் ஒரு கை ஆடட்டுமா? நம்ம ஊரு சர்ச்சுச் சாமியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காரு" என்றான்.

எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டேன்.

"பின்னாலதான். எனக்கு வேற எடம் தெரியாது."

உண்மைதான். வேறு இடம் அவனுக்குத் தேவையே இல்லை. வலது பின்மூலையில் சும்மா நிற்பான். பந்து வரும்வரை நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டான். வந்த பிறகு எப்போது நகர்ந்தான், எப்போது மட்டையை வீசினான் என்று பிடிபடாது. எதிர்ப்பக்கம் கடைசிக் கோட்டுக்கு அரையடி முன்னால் பந்து விழும். இன்னொரு தடவை அடித்தாலும் அதே இடத்தில் விழும். நான் நடுவில் நிற்பவன். என் தலைக்கு மேலே அவன் அடித்த பந்து போகிற சத்தம், ஒரு சின்ன 'ஹும்', அது இன்னும் என் காதில் இருக்கிறது. அதை ஒரு தடவை மறுபடி கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். இந்த வயதில் கொடுக்க என்னிடம் முழங்கால் வலியும் பென்ஷன் புத்தகமும்தான் இருக்கின்றன, அது வேறு விஷயம்.

அந்தோணி வந்தபிறகு இரண்டு வருடம் நாங்கள் ராஜாக்கள். ஐந்தரைக்குச் சங்கு ஊதும். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு ஓடுவோம். செக்கிங் பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பார்கள். சிலர் துணிச் சுருள்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். மெஸ்காரர் போண்டாச் சட்டியையே அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். வெளிச்சம் மங்கி மஞ்சள் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடுவோம். எத்தனை ஷிப்மென்ட் அனுப்பியிருப்பேன், எத்தனை லட்சம் பனியன் வெட்டியிருப்பேன், ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த மைதானத்தில் ஆடிய ஆட்டங்களில் ஒன்றுகூட மறக்கவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மணி நேரங்களில்தான் கிடைத்தது. மனைவி படித்தாலும் பரவாயில்லை, அதுதான் நிஜம்.

அதில் இரண்டாவது வருடம் மில் தொழிலாளர் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கோயமுத்தூர் ஸ்பின்னிங் மில் அணி ஒன்று எதிரே. சோமனூரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அதற்கு மூன்று நாள் முன்னால் மேனேஜர் என் கட்டிங் டேபிளுக்கு வந்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

"மாஸ்டர், ஒரு சமாச்சாரமுங்க. சோமனூருக்கு அரசாங்க ஆபீசுல இருந்து ஒருத்தரு வர்றாருங்க. அவங்க டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆளெடுக்கறவரு. பின்னாடி நிக்கற ஆள் ஒருத்தர்தான் வேணுமாமா. எடுத்தா பர்மனென்ட் வேலைங்க."

நான் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அந்தோணி நெனப்புத்தான் வந்துதுங்க. போயிட்டா நம்ம டீமு கெட்டுப்போகும், தெரியுதுங்க. ஆனாப் பையன் பொழச்சுக்குவானுங்க. அவங்கிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், கை நடுங்கும். சும்மா எப்பவும் போல ஆடட்டும்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "லிஸ்ட்டு உங்களுதுங்க."

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தோணி போய்விட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்? ஐந்தரைச் சங்கு ஊதும், நாங்கள் ஓடுவோம், வலது பின்மூலையில் யார் நிற்பார்கள்? அவன்மேல் பொறாமை இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை. பொறாமை என்றால்கூட எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஆசைதான். அந்தச் சாயங்காலங்கள் அப்படியே இருக்க வேண்டும் என்ற ஆசை. அதற்காக ஒரு பையனின் பிழைப்பில் கை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டு எழுதினேன். எப்போதும் முன்னால் நிற்கும் சென்னியப்பன் பேரை வலது பின்மூலையில் எழுதினேன். அந்தோணி பேரை முன்னால் எழுதினேன். மேனேஜரிடம் நீட்டினேன். வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சென்னியப்பன் அயர்னிங் செக்‌ஷன் ஆள், நல்லவர், நன்றாகவே ஆடுவார். அவரைப் பற்றி இங்கே குறையாக ஒன்றும் சொல்ல வரவில்லை. அவருக்கும் இந்த விஷயம் தெரியாது.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சோமனூரில் ஆளைத் தள்ளும். லேசான கம்பளிப் பந்துக்கு அது எமன். காலையில் நாங்கள் போய் இறங்கியபோது கொடிக் கயிறெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன்.

"அந்தோணி, இன்னைக்கு நீ முன்னாடி நில்லு. இந்தக் காத்துல உன் அடி நீளமாப் போயி வெளிய விழும். சென்னியப்பன் மெதுவா அடிக்கிற ஆளு, அவரு பின்னாடி நிக்கட்டும்."

அவன் மட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். "முன்னால நின்னு எனக்குப் பழக்கமில்லையே மாஸ்டர்."

"எனக்குத் தெரியும். சொன்னாக் கேளு."

"சரி மாஸ்டர். நீங்க எங்கன நிக்கச் சொன்னாலும் நிக்கேன்" என்றான்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அதற்குள் காற்று நின்றுவிட்டது. ஆடி மாதத்தில் அப்படி ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. வேப்ப மரத்தில் ஒரு இலை அசையவில்லை. சீட்டை மாற்ற இன்னும் நேரம் இருந்தது. நான் மாற்றவில்லை.

அந்த அதிகாரி எங்கள் பின்கோட்டுக்கு நேரே இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரைக்கைச் சட்டை, மடியில் ஒரு நோட்டு. பின்னால் நிற்பவர்களைத் தவிர வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை. முதல் செட்டில் தோற்றோம். இரண்டாவதில் ஜெயித்தோம். மூன்றாவதில் சென்னியப்பனுக்கு என்ன வந்ததோ, வாழ்நாளில் ஆடாத ஆட்டம் ஆடினார். அந்தோணி வலைக்கு அருகே தட்டித் தடவி ஆடிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே போகும் பந்தை அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டே பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். எங்களைத் தோளில் தூக்கினார்கள். பரிசளிப்புக்கு முன்னாலேயே அந்த அதிகாரி எழுந்து போய்விட்டார். நான் அவர் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் கட்டிங்குக்கு வந்தார். எல்லாரும் கை கொடுத்தார்கள், சிரித்து வாங்கிக்கொண்டார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். டேப்பை இழுத்து விட்டுக்கொண்டே, "நேத்து ஆட்டத்துல காத்து அடிக்கவே இல்லீங்களே மாஸ்டர்" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். சாகும்வரை அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அன்றைக்கு அவர் என்னை நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துச் சென்னியப்பனுக்குக் கடிதம் வந்தது. அரசாங்க வேலை. ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்து எல்லாத் தையல் லைனுக்கும் கொடுத்தார். அந்த அதிகாரி எதற்கு வந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தோணியும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டான், சென்னியப்பனைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னான். சாயங்காலம் சங்கு ஊதியதும் மட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாஸ்டர், கம்பெனி மட்டை. உள்ள வச்சிருங்க."

"ஏன்?"

"இனி நான் ஆடல."

"என்ன அந்தோணி, பைத்தியமா?"

"அவரு பெரிய ஆளு. நம்மள எல்லாரையும் கண்ணால பாத்துட்டுத்தான போயிருக்காரு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுது? நான் என்னமோ பெரிய ஆட்டக்காரன்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்" என்று சிரித்தான்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் காறித் துப்புவானே என்ற பயம். நாலு நாளில் தானே வந்துவிடுவான் என்ற நப்பாசை வேறு. மட்டையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அவன் வரவில்லை. சங்கு ஊதினால் மெஷினை விட்டு எழுந்து நேராக கேட்டைப் பார்த்துப் போவான். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவானே தவிர, பக்கத்தில் வர மாட்டான். எதை விட்டுவிடக் கூடாது என்று அந்தச் சீட்டை எழுதினேனோ, அது அந்தச் சீட்டாலேயே போனது. பின்மூலைக்குச் சென்னியப்பனும் இல்லை, அந்தோணியும் இல்லை. அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அதற்கடுத்த வருடம் பெரிய ஆர்டர் ஒன்று வந்து, புது தையல் லைனுக்கு ஷெட் வேண்டும் என்றார்கள். மைதானத்தில் கான்கிரீட் போட்டார்கள். மேனேஜர் அன்று ஊருக்குப் போயிருந்தார், வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன். வலைக் கம்பங்களைப் பிடுங்கும்போது நான் கட்டிங்கில் நின்று ஒரு விரிப்பை இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலருக்கு எழுத உட்கார்ந்து ஒரு வாரத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். டேப், தராசு, மாங்காய்ப்பச்சை, கோப்பை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. சோமனூர் ஆட்டத்தில் அந்தோணி முன்னால் நின்றார் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அங்கே காற்று அடித்தது என்று எழுதினால் பொய். அடிக்கவில்லை என்று எழுதலாம், ஆனால் அதை அச்சில் படித்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். அந்தோணி இப்போது பெருமாநல்லூர் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார். மகன் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலை முழுக்க நரை, நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"ஏ பாக்கியம், நம்ம மாஸ்டர் வந்திருக்காரு, வெளிய வா." அவர் மனைவி எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். "சாப்பிட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்" என்றார் அந்தோணி.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சாப்பிட்ட பிறகு என்னால் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது. நின்றபடியே சொன்னேன். மேனேஜர் மூன்று நாள் முன்னால் வந்து சொன்னதை, நான் சீட்டு எழுதியதை, காற்று நின்ற பிறகும் மாற்றாமல் இருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"மாஸ்டர்."

"சொல்லு அந்தோணி."

"நான் என் எடத்துல நின்னிருந்தா, என்னைய எடுத்திருப்பாரா?"

"எடுத்திருப்பாரு. சென்னியப்பன் ஆடுனதுக்கே எடுத்தாருல்ல? உன்னப் பாத்திருந்தா அந்த நோட்டுல வேற பேரே எழுதியிருக்க மாட்டாரு."

"நெசமாத்தான் சொல்லுதீயளா? என் மனசு கோணக் கூடாதுன்னு சொல்லலியே?"

"சத்தியமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "பாக்கியம், கேட்டியா? அந்த ஆளு என்னப் பாக்கவே இல்லியாம்" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் முழங்காலுக்கு அது ஆகாது, ஆனாலும் உட்கார்ந்தேன்.

"முப்பத்தஞ்சு வருசம் மாஸ்டர். அவரு என்னப் பாத்துட்டு வேண்டாம்னுட்டுப் போனாருன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன். பசங்க எங்கயாவது பூப்பந்து ஆடுனாத் தலையத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். நமக்கு எதுக்கு, நமக்குத்தான் வராதேன்னு."

"என்னை மன்னிச்சிரு அந்தோணி. உன் வேலையக் கெடுத்துட்டேன்."

"வேலையா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்பதுபோலப் பார்த்தார். "வேல போனாப் போவட்டும் மாஸ்டர். நானும் மோசமா ஒண்ணும் இல்ல, வீடு கட்டிட்டேன், பையனப் படிக்க வச்சிட்டேன். மட்டையத் திருப்பிக் கொடுத்தேனே, அன்னைக்குச் சாயங்காலம் இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆட்டத்த விட்டிருக்க மாட்டேனே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இடம் போதாமல் என் கட்டுரையைச் சுருக்குவதாக இருந்தால் மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள், இதை மட்டும் போடுங்கள்: எங்கள் கம்பெனிப் பூப்பந்து அணியின் வலது பின் ஆட்டக்காரர் அந்தோணி. அவரைவிட நன்றாக ஆடியவரை நான் பார்த்ததில்லை. சோமனூரில் அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்க்கவிடாமல் செய்தவன் நான்.